சங்கத்து மோடமும் நான் செய்த சோதனைகளும்

மோடம் திருத்தும் தொழிலில் பாதி வேலை, பிழை எங்கே இல்லை என்று கண்டுபிடிப்பதுதான். மீதிப் பாதி, அதை மற்றவர்களுக்கு நம்பவைப்பது. தொண்ணூறுகளின் கடைசியில், இலங்கையின் கிழக்குக் கரையில், கல்முனை பஜாரில் ஒரு கம்பியூட்டர் கடையில் இதுதான் என் சோறு. டெலிபோன் வயரில் கம்பியூட்டரைக் கொழுவிவிட்டு, அது கீச்சிட்டு, கரகரத்து, ஓய்ந்து, 'இணைந்துவிட்டேன்' என்று சொல்லும்வரை மூச்சைப் பிடித்துக்கொண்டிருந்த சகோதரர்களே, உங்களுக்கு இந்த வேதனையை நான் விளக்க வேண்டியதில்லை.

மற்றவர்களுக்காக ஒரு வார்த்தை. மோடம் பிழையா, வயர் பிழையா என்று தெரியாதபோது லூப்பேக் என்றொரு சோதனை செய்வோம். 'வெளியே போகாதே, அனுப்புவதை உனக்கே திருப்பி அனுப்பு' என்று மோடத்துக்கு ஒரு கட்டளை. அதற்குப் பிறகு நாம் அடிக்கிற எழுத்து மோடம்வரை போய், திரும்பி வந்து திரையில் விழும். அடித்தது அப்படியே வந்தால் அதுவரை பாதை சுத்தம். சுவரில் பந்தடித்துப் பார்க்கிற மாதிரித்தான். முதலில் கிட்டத்துச் சுவர், பிறகு தூரத்துச் சுவர்.

நிந்தவூர் மில்லொன்றில் மோடத்தைக் கழற்றியபோது உள்ளேயிருந்து ஒரு சுண்டு தவிடு கொட்டியது. பாண்டிருப்பில் ஒரு மோடத்துக்குள் பல்லி குடும்பம் நடத்தியது. அதெல்லாம் கிடக்கட்டும். இங்கே சொல்லப்போவது சாய்ந்தமருதுக் கடற்கரையில் ஒரு மீனவர் சங்கத்துக்கு நான் பூட்டிக்கொடுத்த ஒரேயொரு மோடத்தின் சங்கதி. கடலுக்குப் போய்த் திரும்பாத இரண்டு பேருடைய செய்தி அந்த மோடத்தின் வழியாகத்தான் வந்தது.

சலாமுக்கு வந்த பதில்

யாரோ ஒரு வெளிநாட்டு உதவி நிறுவனம் சங்கத்துக்கு ஒரு கம்பியூட்டரைக் கொடுத்திருந்தது. மோடம் பூட்டப் போனவன் நான். சங்கத் தலைவர் ஒரு ஹாஜியார். முப்பது வருசம் கடலில் கிடந்த மனிதர், கரையில் எதையும் லேசில் நம்பமாட்டார். கதிரையை எனக்கு ஒட்டினாற்போல் இழுத்துப் போட்டுக்கொண்டு, நான் முறுக்குகிற ஒவ்வொரு ஆணியையும் எண்ணிக்கொண்டிருந்தார். பூட்டி முடித்து லூப்பேக்கில் போட்டேன். ஏதாவது அடித்துப் பார்க்க வேண்டுமே. நல்ல காரியத்தைச் சலாமோடு தொடங்குவோம் என்று 'அஸ்ஸலாமு அலைக்கும்' என்று ஆங்கில எழுத்தில் அடித்தேன். ஓர் எழுத்துப் பிசகாமல் 'அஸ்ஸலாமு அலைக்கும்' என்று திரும்பி வந்தது. எனக்குச் சந்தோசம். மோடம் சுத்தம்.

திரும்பிப் பார்த்தால் ஹாஜியாரின் முகம் கறுத்திருந்தது. மறுபடியும் அடிக்கச் சொன்னார். அடித்தேன். மறுபடியும் அதே சலாம். நான் சோதனையை விளக்கினேன், சுவரையும் பந்தையும் சொன்னேன். அவர் தலையை ஆட்டிக் கேட்டுவிட்டு, எழும்பிப் போய் வாசலில் நின்ற நாலு பேரையும் உள்ளே கூப்பிட்டு, திரையைக் காட்டிச் சொன்னார்: "பாருங்கடா, சலாம் சொன்னா வஅலைக்கும் ஸலாம் எண்டு பதில் சொல்லத் தெரியாத மிசின் ஒண்ட இந்தத் தம்பி நமக்குக் கொண்டுவந்து பூட்டுறார்."

கிரீஸ்

இரண்டு மாதம் கழித்துச் சங்கத்திலிருந்து ஆள் வந்தது. மோடம் செத்துவிட்டதாம். போய்ப் பார்த்தேன். மோடத்தில் விளக்கு எரிகிறது. லூப்பேக்கில் போட்டு அடித்தால் ஒன்றும் திரும்பி வரவில்லை. ஒரு புள்ளிகூட இல்லை. பின்பக்கக் கேபிளைக் கழற்றினேன். கை வழுக்கியது. இருபத்தைந்து ஊசிகளும் மஞ்சள் கிரீஸுக்குள் மூழ்கிக் கிடந்தன. டெலிபோன் வயர் செருகும் ஓட்டைக்குள்ளும் கிரீஸ். கம்பியூட்டரின் முதுகிலும் கிரீஸ். இந்தத் தொழிலில் எத்தனையோ கண்டிருக்கிறேன், ஆனால் அன்று நான் அப்படியே நிலத்தில் குந்திவிட்டேன்.

செய்தவர் ஒளிக்கவில்லை. அலியார் காக்கா, சங்கத்துப் போட் எஞ்சின்களைப் பார்க்கிறவர். (காக்கா என்றால் எங்கள் பேச்சில் அண்ணன்.) முப்பத்தைந்து வயதிருக்கும், கையில் எந்நேரமும் எண்ணெய். அவருக்குப் பக்கத்தில் கிரீஸ் டின்னைப் பிடித்துக்கொண்டு மச்சினன் ஜௌபர், இருபத்திரண்டு வயது, சிரிப்பை அடக்க முடியாமல் நின்றான். அலியார் காக்கா கலியாணம் முடித்த வீட்டில்தான் இருந்தார். எங்கள் ஊர்ப் பக்கத்து வழக்கம் அதுதானே, மாப்பிள்ளை பெண்வீட்டுக்குப் போவார். அதனால் பெண்சாதியின் தம்பி ஜௌபர் அவருக்கு மச்சினனும் ஆனான், தொழிலுக்குக் கூட்டாளியும் ஆனான். ஒரே வீடு, ஒரே போட், ஒரே பீடிக்கட்டு.

நான் கத்திய கத்தலை இருவரும் பொறுமையாகக் கேட்டார்கள். பிறகு அலியார் காக்கா என்னைப் பரிதாபமாகப் பார்த்துச் சொன்னார்: "கோவப்படாதீங்க தம்பி, கிரீஸ் பூசாத இரும்பு எந்தக் கடக்கரையில மூணு மாசம் தாங்கியிரிக்கி?"

ஒரே வரி

அந்த வருசம் வாடைக்காற்று கடுமை. ஒரு திங்கட்கிழமை விடிய, ஜௌபரையும் ஏற்றிக்கொண்டு போன அலியார் காக்காவின் போட் பின்னேரம் வரவில்லை. செவ்வாயும் வரவில்லை. எஞ்சின் நின்று நீரோட்டத்தில் போயிருக்கும் என்றார்கள் கடல் தெரிந்தவர்கள். வாடையில் இழுபட்ட போட் தெற்கே போகும், பிறகு மேற்கே திரும்பும், அல்லாஹ் நாடினால் மாலைதீவில் ஒதுங்கும். உள்ளே எஞ்சின் மெக்கானிக் இருந்தும் எஞ்சின் நின்றதுதான் ஊரால் நம்பமுடியாமல் இருந்தது. எனக்கோ, அந்தக் கிரீஸ் நாளில் வாய்க்கு வந்தபடி ஏசியதுதான் திரும்பத் திரும்ப நினைவுக்கு வந்தது.

எட்டாம் நாள் ஹாஜியார் என்னைக் கூப்பிட்டார். கிரீஸைத் துடைத்தெடுத்த பிறகு மோடம் ஒழுங்காக வேலைசெய்துகொண்டிருந்தது. மாலைதீவில் யார் யாருக்கு அனுப்ப முடியுமோ எல்லோருக்கும் ஈமெயில் அனுப்ப வேண்டும். விபரம் சொல்ல வீட்டாள்கள் வந்திருந்தார்கள். ஒன்று அலியார் காக்காவின் பெண்சாதி றைஹானா ராத்தா; அக்காவை நாங்கள் ராத்தா என்போம். மற்றது ராத்தாவின் உம்மா, அதாவது ஜௌபரைப் பெற்றவர். இரண்டு பேரும் பக்கத்து அறையில் பாயில் இருந்தார்கள். இடையில் ஒரு திரைச்சீலை. நான் இந்தப் பக்கமிருந்து கேட்பதும், ராத்தா அந்தப் பக்கமிருந்து சொல்வதுமாக வேலை நடந்தது.

பெயர், வயது, அங்க அடையாளம் என்று ஒன்று, இரண்டு என இலக்கமிட்டு அடித்துக்கொண்டு போனேன். அடித்ததை வாசித்துக் காட்டினேன். புருசன் ஒரு வரியில், தம்பி ஒரு வரியில். ஒரு வீட்டிலிருந்து இரண்டு பேர் போயிருக்கிறார்கள் என்பது அப்போதுதான் எனக்கே முழுசாக உறைத்தது. ராத்தா சொன்னார்: "ரெண்டு பேரையும் ஒரே வரியில எழுதுங்க தம்பி, பிரிச்சுப் போட வேணாம்."

இருபத்தோராம் நாள்

இருபத்தோராம் நாள் பதில் வந்தது. மாலைதீவில் ஓர் அலுவலகத்திலிருந்து, ஆங்கிலத்தில், ஐந்தே வரி. அதை முதலில் வாசித்தவன் நான். தூரத் தீவொன்றில் இலங்கைப் போட் ஒன்று ஒதுங்கியிருக்கிறது. உள்ளே இரண்டு பேர். ஒருவர் உயிரோடு இருக்கிறார், வைத்தியசாலையில், பேசமுடியாத நிலையில். மற்றவர் போட்டிலேயே உயிர் பிரிந்து மௌத்தாகி, இரண்டு நாளுக்கு மேலாகிவிட்டதால், அந்தத் தீவிலேயே தொழுவித்து அடக்கிவிட்டார்கள். உயிரோடு இருப்பவரைப் படம் எடுத்து நாளைக்கு அனுப்புகிறோம், யாரென்று அடையாளம் சொல்லுங்கள்.

அறை நிறைய ஆட்கள். எல்லோருடைய கண்ணும் என் வாயில். ஹாஜியாரின் காதில் மட்டும் சொன்னேன். அவர் தொப்பியைக் கழற்றி, தலையைத் தடவி, மறுபடியும் போட்டுக்கொண்டார். பிறகு திரைச்சீலைக்குக் கிட்டப் போய் நின்று, ஒன்றையும் மறைக்காமல், மெதுவான குரலில் சொல்லி முடித்தார்.

ஒப்பாரி எழும்பும் என்று நான் காதைப் பொத்தத் தயாராக இருந்தேன். எழும்பவில்லை. எந்த மரணத்துக்கு அழுவது என்று தெரியாமல் ஒரு வீடு அழாமல் இருந்ததை என் வாழ்நாளில் அன்றுதான் கண்டேன். ராத்தாவின் உம்மா கேட்டார்: "ரெண்டும் என்ட புள்ளதான் ஹாஜியார், எந்தப் புள்ள எண்டு மட்டும் கேட்டுச் சொல்லுங்க."

லைனில் வந்த மகன்

அடுத்த நாள் ளுஹர் என்கிற நண்பகல் தொழுகைக்குப் பிறகு படம் வந்து இருந்தது. 'வந்து இருந்தது' என்றால், நம்மிடம் வரவில்லை, கொழும்பைத் தாண்டி எங்கேயோ ஒரு கம்பியூட்டரில் இருந்தது. அதை இறக்க வேண்டும். இப்போதுள்ள பிள்ளைகளுக்குச் சொன்னால் சிரிப்பார்கள், அன்றைக்கு எங்கள் லைனில் ஒரு பெரிய படம் இறங்க ஒரு மணித்தியாலத்தில் கால்வாசி வேண்டும். மருதமுனைத் தறியில் புடவை இறங்குகிற மாதிரி, மேலிருந்து கீழே, இழை இழையாகத்தான் திரையில் விழும். இடையில் லைன் அறுந்தால் மறுபடியும் முதல் இழையிலிருந்து.

வெளிர்நீல நிறத்தில் ஒரு சுவர் தெரியத் தொடங்கியது. "வருது, வருது, லைன்ல வருது" என்று நான்தான் கத்தினேன். இன்னும் இரண்டு விரல்கடை சுவர். அத்தோடு டொக்கென்று நின்றது. லைன் அறுந்துவிட்டது. என்னவென்று பார்த்தால், பக்கத்து அறையில் இருந்த டெலிபோனை ராத்தாவின் உம்மா காதில் வைத்துக்கொண்டிருந்தார். அந்த டெலிபோனையும் மோடத்தையும் ஒரே வயரில் கொழுவியவன் நான். ரிசீவரைத் தூக்கினால் மோடத்தின் பேச்சு அறுந்துபோகும். மகன் லைனில் வருகிறான் என்று நான் கத்த, பெற்றவர் குரல் கேட்பதற்கு ரிசீவரைத் தூக்கியிருக்கிறார். எனக்குக் கோபம் வரவேண்டிய இடம். வரவில்லை.

செருமிவிட்டு, திரைச்சீலைக்கு வெளியில் நின்று இருவருக்கும் விளங்கப்படுத்தினேன். இதைத் தொடக்கூடாது, தூக்கினால் படம் அறுந்துவிடும், மறுபடியும் முதலிலிருந்து வர வேண்டும். உம்மா "தெரியாம எடுத்துட்டன் மகன்" என்றார். ராத்தா அமைதியாகக் கேட்டார்: "ஒருக்காத் தூக்கினாலே அறுந்திருமா தம்பி, எந்த நேரத்துல தூக்கினாலுமா?"

எல்லாம் சரி

இரண்டாம் தரம் நீலச்சுவர் முடிந்து, ஒரு தலையணையின் வெள்ளை வந்தது, தலைமயிர் வந்தது, வெயிலில் கருகிய ஒரு நெற்றி வந்தது. புருவத்துக்கு இன்னும் அரை விரல்கடைதான். டொக். அறுந்துவிட்டது. மூன்றாம் தரமும் அதே நெற்றியில் டொக். அலியார் காக்காவின் நெற்றி என்றார்கள் பாதிப்பேர். ஜௌபரின் நெற்றி என்றார்கள் மற்றப் பாதி. இருபது நாள் கடல் வெயில் தின்ற நெற்றியில் யார் பெயரைக் கண்டார்கள்? ஆத்திரத்தில் ஒருவர் என் தோளைப் பிடித்து உலுக்கினார்.

ரிசீவர்தான் காரணமென்று எனக்குத் தோன்றியிருக்க வேண்டும். தோன்றவில்லை. நான்தான் சொல்லியாகிவிட்டதே, சொன்ன பிறகு யார் தூக்குவார்கள்? தொழில்காரனுக்கு இருக்கிற மூடத்தனம் அது. கிட்டத்துச் சுவரிலிருந்து தொடங்கினேன். கம்பியூட்டரின் முதுகில் இரண்டு ஊசிகளை வயர்த்துண்டால் இணைத்த செருகியைப் பூட்டி அடித்தேன். அடித்தது வந்தது. மோடத்தை லூப்பேக்கில் போட்டு அடித்தேன். வந்தது. கடைசியாக, கொழும்பில் எங்களுக்கு மோடம் விற்கிற கடையில் சோதனைக்கென்றே வைத்திருக்கும் மோடத்துக்கு இதே லைனில் அழைத்து, அங்கிருந்து திருப்பி அனுப்பச் செய்தேன். சாய்ந்தமருதில் அடித்த எழுத்து கொழும்பு போய்ச் சுற்றிவந்து திரையில் விழுந்தது. கால் மணித்தியாலம் அடித்துக்கொண்டே இருந்தேன். ஓர் எழுத்துப் பழுதில்லை, லைன் ஒருதரம்கூட அறவில்லை.

எல்லாம் சரி என்றேன், எனக்கே நம்பிக்கையில்லாத குரலில். ஹாஜியார் மோடத்தைப் பார்த்தார், வயரைப் பார்த்தார், கடைசியில் என்னைப் பார்த்துக் கேட்டார்: "மிசினும் சரி, வயரும் சரி, கொழும்பும் சரி எண்டா, பிழை ஆருக்கிட்ட மகன் இரிக்கி?"

திரைச்சீலைக்கு அந்தப் பக்கம்

அந்தக் கேள்விதான் என்னை எழுப்பியது. சோதனைக்கு அறாத லைன் படத்துக்கு மட்டும் அறுகிறது. அதுவும் புருவம் தெரியப்போகிற நேரம் பார்த்து அறுகிறது. வயருக்கு எப்படித் தெரியும் புருவம் எங்கே இருக்கிறதென்று? திரைச்சீலையைப் பார்த்தேன். ஒரு ஓரம் விலகியிருந்தது. அந்த இடைவெளியால் கம்பியூட்டர்த் திரை நேராகத் தெரியும். நான்காம் தரம் படத்தை விட்டுவிட்டு, மெதுவாக எழும்பி, செருமாமல் போய் நின்றேன். அப்படி நின்றது பிழைதான், அல்லாஹ் மன்னிக்கட்டும். உம்மா மூலையில் தொழுகைப்பாயில் சஜ்தாவில் கிடந்தார். றைஹானா ராத்தா கம்பியூட்டர்த் திரையை விட்டுக் கண்ணை எடுக்காமல் இருந்தார். அவருடைய முந்தானைக்குக் கீழே அவருடைய கை, கைக்குள்ளே இன்னும் தூக்காத ரிசீவர். நெற்றி வந்தது. கை எழும்பியது. டொக்.

என்னைக் கண்டதும் அவர் பதறவில்லை. ரிசீவரை ஒளிக்கவும் இல்லை. இதைத் தூக்கினால் அறுந்துவிடும் என்று சொல்லிக்கொடுத்தவனே நான். உம்மாவுக்குக் கேட்காத குரலில் ராத்தா சொன்னதை ஓர் எழுத்து விடாமல் சொல்கிறேன்: "படம் முழுசா வந்தா ஒராள் மௌத்து தம்பி. அறுந்து கிடந்தா ரெண்டு பேருக்கும் ஹயாத்து. மகன் வந்தாலும் என்ட உம்மாக்குச் சிரிக்கேலா, மாப்புள வந்தாலும் எனக்குச் சிரிக்கேலா. இன்னம் கொஞ்சம் அப்பிடியே கிடக்கட்டுமே."

அஸருக்குப் பிறகு

நான் வெளியே வந்து பொய் சொன்னேன். கொழும்புப் பக்கம் ஒரு பிழை, அஸர் தொழுதுவிட்டு வாருங்கள், பிறகு பார்ப்போம் என்றேன். இத்தனை வருசத் தொழிலில், சோதனை எல்லாம் சரி என்று காட்டியும் பிழை என்று நான் சொன்னது அந்த ஒருதரம்தான். ஹாஜியார் என்னை உற்றுப் பார்த்தார். நம்பினாரா தெரியாது. ஆட்களைக் கூட்டிக்கொண்டு பள்ளிவாசலுக்குப் போனார். நானும் போனேன். என்ன ஓதினேன் என்று எனக்கே தெரியாது. திரும்பி வரும் வழியெல்லாம் ஒரே யோசனை. அந்த ராத்தா ரிசீவரைப் பிடித்தபடியே இருந்தால் என்ன செய்வது? பறிக்க என்னால் ஏலாது. தூர மண்ணில் ஒருவன் பேச்சில்லாமல் கிடக்கிறான், அவனை இன்னார் என்று சொல்லியும் ஆக வேண்டும்.

நான் கதிரையில் இருக்குமுன்பே திரைக்கு அந்தப் பக்கம் ரிசீவரை வைக்கிற சத்தம் கேட்டது. பிறகு, டெலிபோனைத் தூக்கித் திரைக்குக் கீழால் என் பக்கம் தள்ளிவிட்டார். ஒரு கை மட்டும் தெரிந்தது. நான் வயரைக் கழற்றிவிட்டேன். ராத்தாவின் குரல் வந்தது: "உம்மா ரெண்டு நாளாப் பச்சத்தண்ணி குடிக்கல்ல, இனி விடுங்க தம்பி, வரட்டும்."

முழுப்படம்

நீலச்சுவர், தலையணை, தலைமயிர், நெற்றி. லைன் அறவில்லை. புருவம் இறங்கியது. கண்கள் மூடியிருந்தன. மூக்கு. வெடித்த உதடு. அதற்குக் கீழே, அவ்வளவு நாளாகியும் சரியாக வளராத இளந்தாடி. வாசிக்கிற உங்களை நான் காக்கவைக்கவில்லை. அது ஜௌபர். கிரீஸ் டின்னைப் பிடித்துக்கொண்டு சிரித்த ஜௌபர். அலியார் காக்கா பெயர் தெரியாத ஒரு தீவின் மண்ணுக்குள் இருந்தார்.

ராத்தாவின் உம்மா திரைச்சீலையைத் தள்ளிக்கொண்டு ஓடிவந்து கம்பியூட்டரைத் தொட்டார். மகனின் கன்னத்தைத்தான் தொட்டார். "என்ட வாப்பா" என்று ஒரு சொல் வாயிலிருந்து வெளியே வந்தது. அடுத்த சொல் வரவில்லை. கையைச் சூடு பட்டதுபோல் இழுத்துக்கொண்டு திரும்பி, மகளைப் பார்த்தார். அப்படி ஒரு பார்வையை நான் அதற்கு முன்னும் கண்டதில்லை, பின்னும் கண்டதில்லை. மகன் பிழைத்ததற்காக மகளிடம் மன்னிப்புக் கேட்கிற ஒரு தாயின் முகம் அது.

ஹாஜியார் எழும்பினார். எல்லா ஆண்களும் எழும்பினார்கள். அந்த நிமிசத்திலிருந்து அந்த ராத்தா, புருசனை இழந்தவர் இருக்க வேண்டிய இத்தாவில் இருக்கிறவர், நாலு மாதமும் பத்து நாளும் அந்நிய ஆண் முன்னால் வரமாட்டார். முகத்தைத் திருப்பிக்கொண்டு ஒவ்வொருவராக வெளியேறினார்கள். லைனை அறுக்காமல், கம்பியூட்டரை அப்படியே விட்டுவிட்டு நானும் எழும்பினேன். வாசற்படியில் கால் வைக்கும்போது பின்னாலிருந்து ராத்தாவின் குரல் கேட்டது. நான் திரும்பவில்லை. குரலில் அழுகை இல்லை, அதுதான் என்னை இன்றைக்கும் உலுக்குவது: "அந்த ஆஸ்பத்திரிக்குப் பதில் எழுதுங்க தம்பி, இவன் ஜௌபர் எண்டு எழுதுங்க, கண் முழிச்சா அவனுக்கு வாசிச்சுக் காட்டச் சொல்லுங்க: ராத்தா உன்ட படத்தப் பாத்துச் சந்தோசப்பட்டா."

எழுதி அனுப்பினேன் சகோதரர்களே, அன்றிலிருந்து எந்த வீட்டில் லைன் அறுந்தது என்று கூப்பிட்டாலும், பையிலிருந்து சோதனைச் சாமான்களை வெளியே எடுக்குமுன் பக்கத்து அறையில் யார் இருக்கிறார்கள் என்று கேட்பது எனக்குத் தொழில்முறையாகிவிட்டது.